டப்பாவுக்குள் செல்போன்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் நாகர்கோவில் பஸ் கிளம்பும்போது, முன் சீட்டு மாமி தன் நாத்தனாரிடம் சொன்னாள்: "எவர்சில்வர் டப்பாவைச் சாய்ச்சுடாதே. உள்ளே செல்போன் இருக்கு."

"போனை யாராவது டப்பாவிலே போட்டு மூடுவாளா, மன்னி?"

"அதிலேர்ந்து கதிர் வர்றதாம். மூளைக்கு ஆகாதாம். எவர்சில்வரைத் தாண்டி வெளியே வராது, அல்லே?"

நெய்யாற்றின்கரை தாண்டியதும் மாமி புலம்ப ஆரம்பித்தாள். "கார்த்தாலேயே பொண்ணைப் பிரசவத்துக்குச் சேர்த்தாச்சு. மாப்பிள்ளை இன்னும் கூப்பிடலையே."

நாத்தனார் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். "கதிர் வெளியே வராதுன்னா, அவர் கூப்பிடறது மட்டும் எப்படி மன்னி உள்ளே வரும்?"

மாமி மூடியைப் பிடுங்கித் திறந்தாள். சற்று நேரத்தில் போன் அடித்தது. "சொல்லுங்கோ மாப்பிள்ளே, சொல்லுங்கோ" என்று, அதைக் காதுக்குள்ளேயே புகுத்திவிடுவதுபோல அமுக்கிக்கொண்டாள்.