நடப்பவர்களுக்கான பச்சை

— அப்போ நாளைக்கு வரமாட்டேங்கற.

— வரமாட்டேன்னு நான் எங்க மாமா சொன்னேன்? வந்து என்ன சொல்றதுன்னுதான் கேக்கறேன்.

— உள்ளதைச் சொல்லு மாப்ள. எனக்குப் பச்சை விழுந்த பிறகுதான் பஸ்ஸை எடுத்தேன். சிவப்புல பாய்ஞ்சு, உங்கக்கா க்ளினிக்குக்கு வர்ற அந்த வயசான டீச்சரம்மாவை அடிச்சுக் கொன்னுட்டேன்னு எழுதி வச்சிருக்காங்க. நாளைக்கு விசாரணையில நான் ஒத்தை ஆளா நின்னு இல்லவே இல்லன்னு சொன்னா எவன் நம்புவான்? அந்த சிக்னல் உன் ஆபீஸ் சிக்னல். எப்போ எந்தப் பக்கம் பச்சை விழுந்துச்சுன்னு உங்க கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கா இல்லையா?

— இருக்கும்.

— இருக்கும்னா? மென்னு முழுங்காத. இருக்கா?

— இருக்கு மாமா.

— அதைக் கொண்டாந்து போடு. நான் வீட்டுல இருக்கறதா உள்ள போறதான்னு அதை வச்சுத்தான் தீரும்.

— என்னங்க, வந்ததும் வராததுமா அவனைப் போட்டு உலுக்கறீங்க. தம்பி, டீ ஆறிப்போகுது பாரு.

— டீ எங்கயும் ஓடிடாது. நீயும் உக்காந்து கேளு. என் மச்சான் டிராஃபிக் ஆபீஸ்ல இஞ்சினியரு, ஊர் சிக்னலெல்லாம் அவன் கையிலதான்னு டிப்போ முழுக்கப் பெருமையடிச்சவன் நான். இன்னிக்கு எனக்கு ஒன்னுன்னா டீயையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்.

— அது அப்படி இல்ல மாமா. இப்ப எதுவும் எங்க கையில இல்ல. முன்னாடின்னா சுலபம். நடக்கறவங்களுக்கு இவ்வளவு நேரம், வண்டிக்கு இவ்வளவு நேரம்னு ஒரு தடவை குறிச்சு வச்சா வருஷக்கணக்கா அதேதான் ஓடும். இப்ப மெஷினே முடிவு பண்ணுது. கம்பத்து மேல கேமரா இருக்கில்ல, ஜனங்க எவ்வளவு வேகமா ரோட்டைக் கடக்கறாங்கன்னு அது பாத்துப் பாத்துக் கத்துக்கும். சீக்கிரம் கடந்துட்டாங்கன்னா, மிச்ச நேரத்தைப் பிடுங்கி வண்டிகளுக்குக் கொடுத்துடும்.

— அதுக்குத்தானே உங்க ஆபீஸுக்கு மேடை போட்டுக் கோப்பை கொடுத்தாங்க. பேப்பர்ல படம் வந்துச்சு. நீ ரெண்டாவது வரிசையில பல்லைக் காட்டிட்டு நின்னே.

— ஆமா.

— சரி, கத்துக்கிட்டு என்ன பண்ணுச்சு அது?

— நடக்கறவங்க நேரத்தைக் குறைச்சுக்கிட்டே வந்துச்சு.

— எவ்வளவு?

— அந்த இடத்துல பாதிக்கும் கீழ.

— பாதிக்கும் கீழ. உங்கக்கா வேலை பாக்கற க்ளினிக் வாசல்ல. முட்டி தேஞ்சவனும் கால்ல கட்டுப் போட்டவனும் போற வர்ற இடத்துல.

— அவங்க கடக்கறதையே நிறுத்திட்டாங்க மாமா. அதுதான் எங்களுக்கு உறைக்கல. முதல்ல கொஞ்சம் நேரம் குறைஞ்சதும், ரொம்ப மெதுவா நடக்கறவங்க பயந்துபோய் ஆட்டோ பிடிச்சுச் சுத்திப் போக ஆரம்பிச்சாங்க. மிச்சம் இருந்தவங்க கொஞ்சம் வேகமா நடக்கறவங்க. இதுக்கே இவ்வளவு நேரம் எதுக்குன்னு மெஷின் இன்னும் குறைச்சுது. அடுத்த கூட்டமும் நின்னு போச்சு. கடைசியில காலேஜ் பசங்க மட்டும்தான் ஓடிக் கடந்தாங்க. மெஷினைக் கேட்டா அந்தத் தெருவுல வயசானவங்களே கிடையாதுன்னு சொல்லும்.

— மெஷினுக்குத்தான் அறிவில்ல. உங்களுக்கு?

— இந்தப் பகுதி ஜனங்களோட நடை நல்லா வேகமாயிருக்குன்னு ரிப்போர்ட் எழுதினதே நான்தான்.

— அது சரி. கிழவிங்கெல்லாம் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்துட்டாங்கன்னு நெனச்சியாக்கும்.

— நல்ல செய்தியாத்தான் தெரிஞ்சுது. யாருக்கும் சந்தேகம் வரல. உக்காந்த இடத்துல ஊரே திரையில தெரியுது, போய்ப் பாக்கணும்னு யாருக்குத் தோணும்? உங்களுக்குக் கேலியா இருக்கு.

— எனக்கா? கண்ணை மூடினா அந்தம்மா ஊன்றுகோல் வந்து கண்ணாடியில மோதுது மாப்ள. நான் சோறு தின்னு எத்தனை நாளாச்சுன்னு உங்கக்காகிட்ட கேளு. பக்கத்துல ஒரு தண்ணி லாரி நின்னு மறைச்சுக்கிச்சு. பச்சை விழுந்துது. இப்பல்லாம் பச்சை விழுந்து ஒரு மூச்சு விடறதுக்குள்ள எடுக்கலன்னா, பஸ்ல வச்சிருக்கற பெட்டி கத்த ஆரம்பிச்சுடும். தாமதம்னு டிப்போவுக்கே செய்தி போயிடும். ரெண்டு தடவை கூப்பிட்டு மிரட்டினாங்க. அதான், பச்சையைப் பாத்தேன், எடுத்தேன்.

— அவங்களும் பச்சையிலதான் இறங்கினாங்க மாமா. நடக்கறவங்களுக்கான பச்சையில. பாதி ரோடு வர்றதுக்குள்ள அது அணைஞ்சு போச்சு. உங்க மேலயும் தப்பில்ல, அவங்க மேலயும் தப்பில்ல.

— கேட்டியாம்மா? இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் நாய் மாதிரி அலையறேன். இதை நாளைக்கு அந்த மேஜைக்கு முன்னாடி சொல்லிடு மாப்ள. உன் காலைக் கழுவித் தண்ணி குடிக்கறேன்.

— என்ன பேச்சு மாமா இது.

— அவனை வற்புறுத்தாதீங்க. அவன் வேலைக்கு உலை வச்சுட்டா என்ன பண்றது? அவனுக்கும் குடும்பம் இருக்கில்ல.

— ஓ. உன் தம்பி நாற்காலி பத்திரமா இருக்கணும், நான் கம்பி எண்ணணும். நீ எனக்குப் பொண்டாட்டியா, இல்ல அவனுக்கு வக்கீலா? அன்னிக்கு சத்தம் கேட்டு க்ளினிக் உள்ளேர்ந்து அந்த நீலக் கோட்டோடயே ஓடி வந்து என்னைத் தாங்கிப் பிடிச்சது நீதானே? நான் நின்ன நிலையை நீ பாத்தே இல்ல?

— பாத்தேன்.

— பாத்துமா இப்படிப் பேசற?

— அக்காவை விடுங்க மாமா. வேலை போனா போகட்டும்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன. விஷயம் அது இல்ல.

— பின்ன எது? பூசி மெழுகாம சொல்லு.

— அந்தப் பதிவை மட்டும் தனியாப் பிரிச்சு எடுக்க முடியாது. கேமராப் படத்தோட ஒட்டித்தான் இருக்கும். நேரத்தைக் கொடுத்தா படத்தையும் கொடுத்தாகணும். விசாரணையில எல்லார் முன்னாடியும் போட்டுப் பாப்பாங்க.

— போடட்டும். என் பஸ் கேமரா எப்பவோ செத்துப் போச்சு. படம் இல்லாமத்தானே நான் தவிக்கறேன்?

— நீங்க அதைப் பாக்க வேண்டாம் மாமா.

— கண்ணால பாத்தவன்டா நான். அதுக்கு மேல உன் படத்துல என்ன இருந்துடப் போகுது?

— வேற வழி பாக்கலாம். நல்ல வக்கீல் ஒருத்தரைத் தெரியும். அந்த லாரிக்காரனைத் தேடிப் பிடிச்சா அவன் சொல்லுவான். படம் எப்படியும் இந்த வாரக் கடைசியில தானா அழிஞ்சு போயிடும். பழசையெல்லாம் மெஷின் வச்சுக்காது.

— ஓகோ. அழியட்டும்னுதான் காத்திருக்கியா? அதான் டீயைக் கையில வச்சுக்கிட்டு நேரத்தைக் கடத்தறியா? பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ரிப்போர்ட் எழுதினவன் நீ, ஜெயிலுக்குப் போறவன் நான். இனிமே இந்த வாசப்படி மிதிக்காத.

— எனக்காக இல்ல மாமா.

— வேற யாருக்காக? செத்துப் போன டீச்சரம்மாவுக்காகவா? அவங்களுக்குப் பிள்ளையா குட்டியா, படத்தைப் பாத்து அழறதுக்கு? ஏம்மா, நீயாவது கேளேன். உன் கூடப்பொறந்தவன்தானே.

— தம்பி, நீ அந்தப் படத்தைப் பாத்துட்டியா?

— பாத்தேன்க்கா.

— எப்போ?

— மறுநாளே. முகம் சரியாத் தெரியல. அந்த நீலக் கோட்டை வச்சுத்தான்.

— இத்தனை நாள் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே.

— எப்படிக்கா கேப்பேன்? நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். அப்புறம், சொல்லாமலே இருந்துட்டா நல்லதுன்னு நெனச்சேன்.

— எந்த நீலக் கோட்டு? ரெண்டு பேரும் என்ன பேசிக்கறீங்க?

— ஒன்னுமில்ல மாமா. அக்கா, நீ உள்ள போ. நான் எப்படியாவது பாத்துக்கறேன்.

— நீ ஒன்னும் பாத்துக்க வேண்டாம். நாளைக்குப் படத்தைக் கொண்டு போய்ப் போடு. இவருக்குப் பச்சைன்னு அதுல இருக்குன்னா அது எல்லாருக்கும் தெரியட்டும். இவர் சாப்பிடாம உக்காந்திருக்கறதைப் பாத்துக்கிட்டே என்னால இனி இந்த வீட்டுல இருக்க முடியாது. என்னங்க, இப்படி வந்து உக்காருங்க.

— முதல்ல விஷயத்தைச் சொல்லு.

— டீச்சரம்மா அந்த ரோட்டைக் கடந்து ரொம்ப நாளாச்சு. ஆட்டோவுலதான் வருவாங்க. அன்னிக்கு நான் வேலைக்குப் போறதுக்காக அங்க நின்னுட்டிருந்தேன். நீதான் துணைக்கு இருக்கியே, பயமில்லன்னு ஆட்டோவை விட்டு இறங்கி என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பாதி ரோட்டுல பச்சை அணைஞ்சுது, லாரிக்கு அந்தப் பக்கம் பஸ் கிளம்பற சத்தம் கேட்டுது. அவங்க என் கையை விடல. நான்தான் விரலைப் பிரிச்சு உதறிட்டு ஓடினேன்.