சாடை ஒரு சாட்சியா?

தங்கச்சின்னெல்லாம் கூப்பிடாதீங்க சார். இன்னும் ஒரு வாய் டீ உள்ள இறங்கல, அதுக்குள்ள என்ன சொந்தம் கொண்டாடறது? தும்மல் வந்தா தும்மிக்குங்க, அடக்காதீங்க. பால்கனி வெயில்ல நிக்காம உள்ள வந்து உட்காருங்க. புஸ்தகத் தூசியா இருக்கும். இந்த வீட்ல அதுக்கு மட்டும் குறைச்சலே இல்ல.

ஆக, நீங்க எங்கப்பாவோட மகன். உங்கம்மா சாகும்போது சொல்லிட்டுப் போனாங்க. சரி, ஆதாரம்? இந்த போட்டோவா? உங்க தாடையும் அவர் தாடையும் ஒண்ணு. அவ்வளவுதானா? இதுக்கா பஸ் ஏறி வந்தீங்க? அவரையே கேக்கலாம்னா, ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிடுச்சு. உள்ளதான் படுத்திருக்கார். இல்ல, இப்ப பாக்க முடியாது. நான் சரின்னு சொன்னாத்தான் அந்தக் கதவு திறக்கும்.

நான் என்ன வேலை பாக்கறேன் தெரியுமா? அகராதி ஆபீஸ். எந்தச் சொல் எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கற பிரிவு. உங்கள மாதிரி ஆளுங்க அங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. போன வாரம் ஒரு ரிட்டயர்ட் இன்ஜினியர். கையில ஃபைல், மூஞ்சில உலகத்தையே கண்டுபிடிச்ச களை. தமிழ்ல கொல்னு இருக்கறதுதான் இங்கிலீஷ்ல கில் ஆச்சாம். எப்படி சார்னு கேட்டா, கேக்கவே ஒரே மாதிரி இருக்கேம்மாங்கறார். ரெண்டு காது இருந்தா போதும், இவங்களுக்கு ஆராய்ச்சி முடிஞ்சுது.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். பி, ஏ, டி. மூணே எழுத்து. இங்கிலீஷ்ல பேட்னா கெட்டது. பாரசீகத்துல பத், அதுவும் கெட்டதுதான். சத்தமும் கிட்டக்கிட்ட, அர்த்தம் அச்சு அசல். அப்ப ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளைங்கதானே? கிடையாது. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இது பொறந்த வழி வேற, அது பொறந்த வழி வேற. அதே மூணெழுத்து ஜெர்மன்ல குளியல். எழுத்து ஒண்ணா இருக்கேன்னு அங்க போய் உறவு கொண்டாடினா, கையில துண்டைக் கொடுத்து குளிக்கப் போடாம்பான்.

சாடைங்கறது அவ்வளவுதான் சார். என்னையே பாருங்க. பால்காரர்ல இருந்து டாக்டர் வரைக்கும், அப்பாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்கேம்மான்னு சொல்லாத ஆள் இல்ல. மூக்கு, நெத்தி, நடைகூட. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. உங்க தாடையைத் தூக்கிக்கிட்டு என் மூக்குகிட்ட போட்டிக்கு வராதீங்க.

சிரிச்சது போதும். அந்தச் சேர் வேணாம், இப்படி ஜன்னலோரம் வாங்க. இருங்க, ஸ்கிரீன விலக்கறேன். வெயில் கண்ணுல அடிக்குதா? அடிக்கட்டும், ஒரு நிமிஷம்.

ம்ம். இந்தாங்க, துடைச்சுக்குங்க. சேர்ந்தாப்ல மூணு தும்மல். ஏன் சார், இவ்வளவு நேரம் புஸ்தக அலமாரிக்கு அடியிலதானே உட்கார்ந்திருந்தீங்க? தூசி ஒண்ணும் பண்ணலையே? சின்ன வயசுல இருந்தே இப்படியா? வெயில்ல வந்தாலே வருமா? உங்கம்மாவுக்கு? அவங்களுக்கு இல்ல. சரி.

அப்ப எதுதான் ஆதாரம்ங்கறீங்களா? பரவால்ல, அந்த இன்ஜினியர் இதைக்கூட கேக்கல. சாடை இல்ல சார், கோணல். இங்கிலீஷ்ல நல்லதுக்கு குட். அதைவிட நல்லதுக்கு குட்டர்னு வரணும். வராது, சம்பந்தமே இல்லாம பெட்டர்னு தாவும். ஜெர்மன்லயும் அதே கூத்து, குட், பெஸர். ரெண்டும் ஒரே இடத்துல, ஒரே மாதிரி தடுக்கி விழுது. இப்படி ஒரு அர்த்தமில்லாத தடுக்கலை யாரும் பாத்துக் கத்துக்க மாட்டாங்க. பொறக்கும்போதே கூட வரணும். நாங்க அதைத்தான் நம்புவோம்.

எங்கப்பா படியிறங்கி வெயில்ல கால் வெச்சா தும்முவார். எப்பவும் மூணு. தெருவே சிரிக்கும்.

எனக்கா? நான் எந்த வெயில்ல நின்னாலும் வராது. சின்னப் பிள்ளையில அவர் கையப் பிடிச்சுக்கிட்டு வெளிய வருவேன் இல்லையா, அவர் தும்மினதும் நானும் தும்முவேன். பொய்த் தும்மல். அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் கைக்குட்டைய எடுத்து என் மூக்கையும் துடைச்சு விடுவார்.

அதான் சொன்னேனே, சாடையெல்லாம் சாட்சி இல்லன்னு. எனக்குப் பேச்சு வர்றதுக்கு முன்னாடியே என்னை அநாதை இல்லத்துல இருந்து தூக்கிட்டு வந்தாங்க. வேற பாஷையில இருந்து வந்து தங்கிட்ட சொல்லுக்கு எங்க ஆபீஸ்ல கடன் சொல்னு பேரு. வீட்டோட அப்படியே ஒட்டிக்கும், வெளியாளுக்கு வித்தியாசமே தெரியாது.

டீ ஆறுது, குடிங்க. உள்ள போனதும் தலைமாட்டு ஜன்னல்ல ஸ்கிரீன நல்லா விலக்கி விட்டுருங்க. பேச்சுதான் போச்சு, தும்மல் போகல. ரெண்டு பேரும் சேர்ந்து தும்முங்க. எழுந்திரிங்கண்ணா, கதவு திறந்துதான் இருக்கு.

அவர் மூக்கை மட்டும் துடைக்காதீங்க. அதுக்கு நான் வரேன்.