அவன் திரும்பாத காரணம்

இவ்வாக்குமூலத்தின் தலைப்பில் கண்ட முகவரியில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். வயது ஐம்பத்து மூன்று. இயந்திரவியலில் பட்டம் பெற்றவன். இரும்புக் குழாய்க் கிடங்கில் சேர்ந்த நாள் முதல் மேற்பார்வையாளராகவே இருந்து வருகிறேன். என்னிடம் வேலை பழகியவர் இன்று எனக்கு மேலாளர். அது இவ்வழக்குக்குத் தேவையில்லை என்றால் அடித்துவிடலாம்.

காயம்பட்டவன் என் மனைவியின் தம்பி. நான்தான் அவனை வேலைக்குச் சேர்த்தேன். வீட்டில் மாப்பிள்ளை என்று அழைப்பேன். கிடங்கில் அழைக்க ஒரு கெட்ட வார்த்தை வைத்திருந்தேன். அது அவன் தாயைப் பற்றியது. மேலாளரிடம் நான் ஏச்சு வாங்கும் நாட்களில் அதை அதிகம் சொல்வேன். "மாமா, அவங்க உங்களுக்கு மாமியாரு, பாத்துப் பேசுங்க" என்பான். ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சென்ற மாதம் என் மாமியார் இறந்துபோனார். அதன் பிறகு வேலைக்குத் திரும்பியவன், "இனிமே அந்த வார்த்தைக்கு நான் திரும்ப மாட்டேன் மாமா" என்றான். "துரைக்குக் கம்பளம் விரிக்கணுமோ?" என்று எல்லோர் முன்னும் கேட்டேன். அதன் பிறகு நான் அப்படி அழைத்தால், அருகில் போய்த் தோளைத் தொடும் வரை முதுகைக் காட்டியே நிற்பான்.

சம்பவத்தன்று காலை மேலாளர் என்னைப் படித்த முட்டாள் என்றார். அதன் பிறகு கிரேனில் குழாய்க் கட்டு ஏறியது. அது இறங்க வேண்டிய இடத்தில் மைத்துனன் குனிந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கட்டின் ஒரு பக்கம் கம்பிவடம் நழுவுவதைப் பார்த்துக் கத்தினேன். ஓடு என்று வரவில்லை. அந்த வார்த்தைதான் வந்தது. அவன் காதில் விழுந்தது, கழுத்து விறைத்ததைப் பார்த்தேன். திரும்பவில்லை. குழாய்கள் விழுந்தன. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மேலாளர் மருத்துவமனைக்கு வந்து, "கத்துனீங்கல்ல சார்? எச்சரிச்சேன், அவன் கேக்கலன்னு சொல்லுங்க. உங்க வேலைக்கும் நல்லது" என்றார். அப்படிச் சொன்னால் தவறு அவனுடையதாகும், இழப்பீடு கிடைக்காது. நான் எச்சரிக்கவில்லை. ஏசினேன்.

காவல் ஆய்வாளர் கேட்டதன் பேரில் அந்த வார்த்தையைச் சொன்னேன். எழுதுபவர் பேனாவை நிறுத்தினார். முழுதாக எழுதும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். தனித்தாளில் எழுதி இணைக்கப்பட்டுள்ளது.

இதை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. தனித்தாளை மட்டும் வாசிக்க வேண்டாம் என்று கேட்டு, நானே மனதுக்குள் படித்துக் கையெழுத்திட்டேன். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

(ஒப்பம்)