பனி விலகக்கூடாது

—பனி எப்ப விலகும்னு நச்சரிக்கிறவங்களத்தான் இந்தப் பூங்காவுல இத்தன வருஷமா பாத்திருக்கேன், தோன் ஒவிதியோ. விலகவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டு மலையேறி வந்த மொத ஆளு நீங்கதான்.

—நீதானே மகளே சொன்ன, வெயில் அடிச்சா அந்தக் கிளி பேசாதுன்னு?

—வெயில்ல மத்த கிளி மாதிரிக் கத்தும். மனுஷக் கொரல்ல பேசுறது இந்த மாதிரிப் பனியிலதான். கூண்டுப் பக்கம் இப்பிடி வெள்ளையா மூடிக்கிட்டா அதிகாரிங்க யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. தோஞா நெரெய்தா இங்க வேல பாத்தப்ப அந்த நேரம் பாத்துத்தான் அதுகூடப் பேசுவாங்க.

—கேட்டியா நெரே? தோஞா, தோஞான்னு மரியாதையாக் கூப்பிட்டுக்கிட்டே க்ளோரிமார் உன்னப் போட்டுக் குடுக்குறா. பேசக்கூடாதுன்னு சட்டம் இருக்கிற எடத்துல வேல பாத்துக்கிட்டு, புருஷன்கிட்ட பேசாததையெல்லாம் கிளிகிட்ட பேசியிருக்க.

—சட்டம் கிளியோட நல்லதுக்குத்தான், தோன். காட்டுல விடப்போற குஞ்சு மனுஷன நம்பிடக் கூடாதில்லையா? மொகத்துல துணியக் கட்டிக்கிட்டு, தீனிய வச்சிட்டு, ஊமை மாதிரித் திரும்பி வரணும். ஐயோ, மன்னிச்சிருங்க தோஞா. வாய் தவறி வந்திருச்சு.

—அட, அவ சிரிக்கிறா பாரு. தொண்டைய அறுத்தெடுத்ததுலேருந்து எங்க வீட்டுல சிரிப்புக்குச் சத்தம் கெடையாது, தோள் குலுங்கும், அவ்வளவுதான். நானும் அத வச்சே பொழப்ப ஓட்டுறேன்.

—கழுத்துத் துணிய நல்லா இழுத்து மூடிவிடுங்க. அந்த ஓட்டை வழியாத்தானே மூச்சு விடுறாங்க, ஈரக்காத்து நேரா உள்ள போயிடும்.

—நெரே, இப்பிடித் திரும்பு. ஏன் கையத் தட்டிவிடுற? பாத்தியா மகளே, என் தோள்ல ரெண்டு தட்டுத் தட்டுனா 'வேணாம்'. ஒரு தட்டுன்னா 'சரி'. அதுக்கு மேல விழுந்தா நான் எதையோ ஒளறிட்டேன்னு அர்த்தம். இன்னிக்கு வண்டியில ஏறுனதுலேருந்து ரெண்டு ரெண்டாவே விழுது.

—எத வேணாங்குறாங்க?

—இங்க வர்றதத்தான். வழியில அல்காப்பூரியா கடையில நிறுத்துனேன். உள்ள நண்டு வச்சது, எண்ணெயிலேருந்து அப்பத்தான் எடுத்தான். இப்பல்லாம் நல்லா முழுங்குறா, ஆனா இன்னிக்குத் தொடல. வண்டியத் திருப்புன்னு சாடை காட்டுறா. முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவன் நான், பாதி வழியில என்னிக்கும் திருப்புனதில்ல.

—தோஞா, என்னப் பாருங்க. நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. கிளி பேசும்னு மட்டுந்தான் சொன்னேன். என்ன பேசும்னு சொல்லல.

—நான் சொல்றேன் கேளு. 'இந்த மனுஷன் டோமினோ ஆட ஒக்காந்தா வீடு இருக்கிறதே மறந்துடுவான். குறட்டை விட்டா கூரை பறக்கும்.' திட்டுதான? திட்டட்டும். கூட நாலு கிளி சேந்துக்கிட்டாலும் சந்தோஷம்.

—பாத்து, இந்தப் பாறை வழுக்கும். அவங்க கையப் புடிச்சுக்கங்க. இங்கயே ஒக்காரலாம். எதிர்ல நிக்கிற பட்ட மரந்தான் அது வர்ற எடம்.

—எங்க மரம்? என் கையே எனக்குத் தெரியல.

—நேரா மேல பாருங்க. நாங்க கட்டிவிட்ட கூடுப் பெட்டி இருக்கு. பனி அசஞ்சா ஒரு மூலை தெரியும்.

—எல்லாம் வெள்ளையா இருக்கு. செத்துப்போயி வந்து ஒக்காந்திருக்கோமோன்னு தோணுது. இந்தக் கோக்கீத் தவளைங்க கத்தலேன்னா அப்பிடித்தான் நம்பியிருப்பேன். நெரே, இருக்கியா? ஒரு தட்டு. இருக்கா.

—பேசுற கிளிய எப்பிடி வெளிய விட்டாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே.

—எப்பிடி விட்டாங்க?

—அதிகாரிங்க பருந்து பொம்மையப் பறக்கவிட்டு சோதிப்பாங்க, ஓடி ஒளியத் தெரிஞ்ச கிளியத்தான் விடுவாங்க. இதுதான் எல்லாத்துக்கும் முன்னாடி ஓடி ஒளிஞ்சுது. பேச்ச அவங்க கேக்கவே இல்ல. அவங்க வந்ததெல்லாம் வெயில் நாளு.

—கெட்டிக்காரக் கிளி. வாய எப்ப மூடணும்னு தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் அது வரவே இல்ல.

—நீங்க இந்த மலைக்கு வந்ததே இல்லையாமே? தோஞா அப்ப சொல்வாங்க.

—எதுக்கு வரணும்? இந்தப் பனிதான் அவ தொண்டையத் தின்னுடுச்சு. என் நெஞ்சப் பொளந்து தச்ச வருஷம் இருக்கே, அந்த வருஷம் முழுக்க இவதான் என்னத் தூக்கி நிறுத்துனா. குளிப்பாட்டி, சோறூட்டி, அப்புறம் இங்க வந்து வேலையும் பாத்தா. கொரலு மட்டும் லேசாக் கரகரன்னுச்சு. என்னடின்னேன். மலைப்பனின்னா. நான் எந்திரிச்சு நடந்த மறு வாரம் டாக்டர்கிட்ட போறா, புத்துநோய் முத்திப்போச்சுங்குறான். முன்னாடியே வந்திருந்தா அறுக்காமப் பாத்திருக்கலாமாம். எப்பிடி மகளே முன்னாடி வருவா, ஒரு வலி கூட இல்லாதப்ப? இந்த மலைய மன்னிக்கவே மாட்டேன்னுதான் இருந்தேன்.

—பனி யாரையும் ஒண்ணும் பண்ணாது, தோன்.

—நீ இங்க சம்பளம் வாங்குறவ, அப்பிடித்தான் சொல்லுவ. நெரே, என்ன இது, தட்டு மேல தட்டாப் பொழியுற? சரி, சரி. ஒளறிட்டேன். வாய மூடிக்கிறேன்.

—ஒண்ணு கேக்கட்டுமா? அவங்க இவ்வளவு வேணாங்குறப்ப நீங்க கேட்டுத்தான் ஆகணுமா? இப்பக் கூடக் கீழ போயிடலாம். தகரக் கூரைக்கு அடியில ஒக்காந்து சூடா எதாவது குடிக்கலாம்.

—போன மாசம் இவ என் கனவுல வந்தா, மகளே. கடற்கரையில நிக்கிறோம். கல்யாணத்துக்கு முன்னாடி போட்டுக்கிட்டு வருவாளே, அந்த மஞ்சக் கவுனு. வாயத் தொறந்து நல்லாப் பேசுறா. ஆனா வந்தது என் அக்கா கொரலு.

—தோன்...

—மறுபடி ஒருநாள் வந்தா. அன்னிக்கு சான் ஹுவான் ரேடியோவுல செய்தி வாசிக்கிறவளோட கொரலு. எந்திரிச்சு ஒக்காந்து அழுதேன். இவ பக்கத்துலதான் படுத்திருக்கா. என்னாச்சுன்னு கண்ணால கேக்குறா. தையல் போட்ட எடம் வலிக்குதுன்னு பொய் சொன்னேன். நாப்பது வருஷமா காதுல விழுந்த கொரலு எனக்கு மறந்துபோச்சு, க்ளோரிமார். பொண்டாட்டி உசுரோட பக்கத்துல இருக்கா, அவ கொரலு மட்டும் செத்துப்போச்சு.

—போன்ல ஒண்ணு கூடவா இல்ல?

—இருந்துச்சு. புயல்ல ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்ப அதுவும் போச்சு. நெரே, ஏன் அப்பிடிப் பாக்குற? உன்கிட்ட சொல்லியிருக்கணும். உனக்கு இருக்கிற வேதன போதாதான்னு மறச்சிட்டேன். கோவமா? கோவம்னா தட்டு, வாங்கிக்கிறேன்.

—என்ன சொல்றாங்க?

—கைய என் தோள்ல வச்சிருக்கா. எடுக்கல. இரு, இரு. ஒரு தட்டு.

—தோஞா, நெஜமாவா? இருந்து கேக்கலாமா? நல்லா யோசிச்சுக்கங்க. கிளி சொன்னதத்தான் சொல்லும், உங்களுக்கே தெரியும்.

—மறுபடியும் ஒரு தட்டு. பாத்தியா, மனசு எறங்கிட்டா. என் தங்கம்.

—சரி. இனி யாரும் பேசக்கூடாது.

—தவளைய யாரு நிறுத்துறது?

—ஷ்ஷ். றெக்கச் சத்தம். பெட்டி மேல ஒக்காந்திருச்சு.

—எனக்கு ஒண்ணும் தெரியலையே.

—பாக்காதீங்க. கேளுங்க.

—காபி ஆறுது, குட்டி. காபி ஆறுது.

—கடவுளே! நெரே, அது நீ. 'ஆறுது'ன்னு கடைசியில இழுக்குது பாரு, அப்பிடித்தான் இழுப்ப. கொஞ்சம் மூக்கால, கொஞ்சம் கரகரன்னு. வந்திருச்சு, எல்லாம் ஞாபகம் வந்திருச்சு. இனிமே கனவுல வேற எவ கொரலும் வராது. ஏன் கைய இப்பிடி நசுக்குற? அழுவாத. அழகாத்தான் இருக்கு. கண்ணே, கிளிக்கண்ணே, இன்னொண்ணு சொல்லு.

—போதும், தோன். ஆசப்பட்டதக் கேட்டாச்சு. கெளம்பலாம், வாங்க.

—இரு மகளே. தொண்டையக் கனைக்குது. இவளே கனைக்கிற மாதிரி.

—முழுங்க முடியல, குட்டி. வலிக்குது. ஒவிதியோகிட்ட சொல்லிடாத.