சரிபார்த்துச் சொன்னது நான்

நான் பார்த்துக்கொண்ட ஆறு வருடத்தில் எங்கள் கம்பெனியில் ஒரு ஃபைல்கூடத் தொலைந்ததில்லை. வில்லியனூர் பக்கம் மாத்திரைக்கு அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு.

பக்கத்துக் கம்பெனியில் ஒருவர் ஏதோ ஒரு லிங்க்கைத் தொட்டுவிட்டார். எல்லா ஃபைல்களும் பூட்டிக்கொண்டன. நான்கு நாள் மெஷின் ஓடவில்லை. அதன் பிறகு எங்கள் மேனேஜர் ராஜ்மோகன் சார் ஒரு சோதனை வைக்கச் சொன்னார். போலி மெசேஜ் ஒன்றை நாமே எல்லோருக்கும் அனுப்புவது. தொடுகிறவர் மறுநாள் காலைக் கூட்டத்தில் எழுந்து, "திருடனுக்குக் கதவைத் திறந்தது நான்" என்று படிக்க வேண்டும். அந்த வாக்கியம் சாருடையது. மெசேஜ் என்னுடையது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வந்திருக்கிறது, திறந்து பாருங்கள் என்று எழுதினேன். யாரும் நம்பும்படி இருந்தது.

ஸ்டோரில் வேலை பார்த்த என் தம்பி ஃபிராங்க்ளின் மட்டும் தொட்டான். அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்.

கூட்டத்தில் படித்தான். இன்னும் சத்தமாகப் படிக்கச் சொன்னார் சார். மெஷின் ஓட்டும் நாகராஜன், "இன்னாபா, அக்கா போட்ட வலையில தம்பியே மாட்டிகினியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சாரும்.

அன்று மதியம் அவனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "அம்மாவுக்கு மூச்சு வாங்குது. உடனே வா. சித்தி." சித்தியிடம் போன் கிடையாது. வார்டில் யாரிடமோ கெஞ்சி அனுப்பியிருக்கிறார். ஃபிராங்க்ளின் அதை நாகராஜனிடம் காட்டி, "பாருண்ணா, அக்கா மறுபடியும் ஆரம்பிச்சிட்டா" என்று சொல்லி அழித்தான். என் போன் சர்வர் அறைக்கு வெளியே பெட்டியில் இருந்தது. அது விதி.

நாங்கள் போனபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். கடைசிவரை வாசலையே பார்த்தாராம்.

தம்பி அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை. துக்கம் சிலரை அப்படி ஆக்கும். நான் ராஜ்மோகன் சாரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாரின் ஒரே மகன் கலைச்செல்வன் நான்கு வருடத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். தகவல் இல்லை. வீட்டில் அவனை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பாஸ்வேர்டு மறந்தால் கேட்க ஒரு கேள்வி வேண்டும் என்றேன். பிள்ளையின் செல்லப்பெயர் என்ற கேள்வியைச் சார்தான் தேர்ந்தெடுத்தார். பதில், அப்புனு.

"அப்பா, நான் அப்புனு. என் போட்டோ இதில் இருக்கு." ஒரு லிங்க் வைத்து மெயில் அனுப்பினேன். அவர் தொடுவார், கூட்டத்தில் எழுந்து படிப்பார். அவ்வளவுதான் என் திட்டம்.

அவர் தொடவில்லை. லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்தி என் அறைக்கு வந்தார்.

"கிரேஸு, நான் தொடலம்மா. சந்தேகம்னா உங்கிட்ட காட்டணும்னு நான்தானே எல்லாருக்கும் சொன்னேன். நெஜமான்னு பாத்து சொல்லு."

கம்பெனியில் விதியைச் சரியாகப் பின்பற்றியவர் அவர் ஒருவர்தான். பொய் என்று சொல்லியிருந்தால் சோதனையில் ஜெயித்திருப்பார். பத்து நிமிடம் திரையைப் பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை.

"போட்டோ திறக்காது சார். அனுப்புனது உங்க பையன்தான். பதில் போடுங்க."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மாதம் அப்புனு வாரம் ஒருமுறை எழுதினான். பணம் கேட்டதில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மூன்று முறை எழுதினான். மூன்று முறையும் சாரும் அவர் மனைவி புவனேஸ்வரியும் வில்லியனூர் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். முதல் இரண்டு முறையும் மறுநாள் சார் என் அறைக்கு வந்தார். "வரலம்மா. அவன்தானே?"

"அவன்தான் சார்."

மூன்றாவது ஞாயிறு ரோட்டின் எதிர்ப்பக்கம் அவன் உயரத்தில் ஒரு பையன் இறங்கியிருக்கிறான். அந்த அம்மா இரண்டு பக்கமும் பார்க்காமல் ஓடினார். மோதிய பஸ்ஸை நான் அனுப்பவில்லை.

அவர் இறந்த செய்தி எனக்குத் தெரிந்த ஒரு மணி நேரத்தில் அப்புனு எழுதினான். அம்மா கடைசியாக என்னைக் கேட்டார்களா என்று. அவனுக்கு யாரும் இன்னும் தகவல் சொல்லியிருக்கவில்லை. அதை வைத்துத்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் வெகுநாளாக வைத்திருந்தேன்.

இன்று காலை சார் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தார். நீங்கள் அவரிடம் எல்லாவற்றையும் விளக்கினீர்கள். அவர் உங்களைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இவங்களுக்கு கம்ப்யூட்டரப் பத்தி இன்னாம்மா தெரியும். நீ சொல்லு. அது அப்புனுதானே?"

நான் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். ஆமாம் என்று தலையசைத்தேன்.