பின்னம் படிப்பித்த மாதங்களில் அஞ்சலினா எங்கே இருந்தாள்?

இன்று இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு யூலை மாதம் பத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை. இன்றைக்கு எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், ஒன்பது நாள். இந்தப் பரிசளிப்பு மேடையில் எனக்கு முன்னர் பேசியவர்களில் ஒருவர் என்னை "வயது முதிர்ந்த" என்றார். இன்னொருவர் "என்றும் இளமையான" என்றார். இரண்டும் கணக்காகாது. கணிதம் படிப்பித்தவளின் வயதைக் குத்துமதிப்பில் விடக்கூடாது என்பதால் அதை முதலிலேயே தீர்த்துவிட்டேன். இனி வணக்கங்கள்.

மூதூரிலிருந்து படகேறி வந்து, காற்றையும் அந்தக் கதிரையின் கால் ஆட்டத்தையும் ஒருங்கே சமாளித்து அமர்ந்திருக்கும் அவைத்தலைவர், ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர் ஜனாப் கலீலுர் றஹ்மான் அவர்களே! பள்ளிக்கூடத்துக்கு வெளியே நடக்கும் எங்கள் கணித வகுப்புக்கு மடத்தைத் திறந்துவிட்ட முத்துமாரி அம்மன் ஆலயப் பெரியவர்களே! மண்டபத்தைத் தந்து, சத்தத்தையும் பொறுத்துக்கொண்ட பங்குத்தந்தை அவர்களே! வகுப்பு எங்கே போனாலும் பாட அலகுகளைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் போகும் ஆசிரியை ரிஸ்னா அவர்களே! வலையைக் காயவிட்டு வந்திருக்கும் தந்தையரே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மாரே! அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசிக்கத் தொடங்கிய தாய்மாரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அவையோரே, இந்த வகுப்புக்கு ஒரு முகவரி உண்டா? அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் தொடங்கினோம். வீட்டுக்காரர் வாகனம் வாங்கினார், விறாந்தை போயிற்று. தேவாலய மண்டபத்துக்குப் போனோம், கலியாணம் வந்தது. கோயில் மடத்துக்குப் போனோம், திருவிழா வந்தது. மீன்பிடிப் பருவம் பிறந்ததும் பாதிப் பிள்ளைகள் வடக்கே வாடிகளுக்குப் போனார்கள். கடற்கரையில் ஓலைக் கொட்டில் போட்டுக் குடும்பத்தோடு பருவம் முழுவதும் தங்கும் அந்த வாடிகளுக்கு. கதிரை மாறியது, கூரை மாறியது, கரையே மாறியது! மாறாதது எது? பிள்ளையின் கையிலிருந்த பாட அலகு. நீங்கள் "மொடியூல்" என்கிறீர்களே, அதுதான். பொலித்தீன் உறைக்குள் ஒரே ஒரு பாடம். வாசிக்க விளக்கம், தொலைபேசியில் கேட்க ரிஸ்னாவின் குரல், செய்து பார்க்கக் கணக்கு, முடிவில் ஒரு சோதனை. எப்போது சோதனை? பிள்ளை "நான் ஆயத்தம்" என்று சொல்லும்போது. பிழைத்தால்? மறுபடி படிக்கலாம். மறுபடியும் பிழைத்தால்? மறுபடியும் படிக்கலாம். முழுவதும் சரிவந்தால் மட்டுமே அடுத்த உறை.

அவரவர் வேகத்தில் அவரவர் கற்கட்டும் என்று கொடுத்தோம். நமது ஊர் அதை என்ன செய்தது? ஓட்டப்போட்டி ஆக்கிவிட்டது! வகுப்பு வாசலில் இரு தாய்மார் கதைத்ததை நான் நின்று கேட்டேன்.

"மைமூனா, உங்கட மகள் எத்தினையாம் மொடியூல்?"

"பதினெட்டு. உங்கடவள்?"

"அதைக் கேளாதேங்கோ. ஒன்பதில குந்தினவள், எழும்புறாளே இல்லை."

இன்னொன்றும் கேளுங்கள். கனகம்மாவின் மகன் இராகுலன் ஒரே கிழமையில் ஐந்து அலகு முடித்தான். அச்சடித்தது போன்ற எழுத்து. தாயைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கனகம்மா, இது ஆர்ர கையெழுத்து?"

"அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினனான், ரீச்சர்."

"அப்ப அவன் எங்கை?"

"பந்தடிக்கப் போட்டான்."

"அங்கை நிண்டோ சொன்னவன்?"

தலையைக் குனியாதேங்கோ, கனகம்மா! திருத்திப் பார்த்தேன், ஒரு கணக்கும் பிழையில்லை. மகனை முதலாம் அலகுக்குத் திருப்பி அனுப்பினேன். தாயிடம் ஆறாவதைக் கொடுத்தேன். இன்று மகன் ஏழில், தாய் பதினான்கில். கைதட்டுங்கள், தட்டுங்கள், அவ ஒருத்திக்குத்தான் இன்று நான் கைதட்டச் சொல்வேன்.

ஏனென்றால், என் முன்னால் இந்த மேசையில் மூன்று கிண்ணங்கள் மினுங்குகின்றன. அதிக அலகு முடித்த முதலாம் பிள்ளைக்கு ஒன்று, இரண்டாம் பிள்ளைக்கு ஒன்று, மூன்றாம் பிள்ளைக்கு ஒன்று. நல்லெண்ணத்தோடு வாங்கியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு மறுக்கிறேன். என் கையால் இவற்றை நான் கொடுக்கமாட்டேன். என்ன, அங்கே பின்வரிசையில் முணுமுணுப்பு? "அப்ப கப்பை என்ன செய்யிறது?" என்றா? தேநீர்க் கடைக்குக் கொடுங்கள், சீனி போட்டு வைக்கட்டும்.

கோபம் வேண்டாம், காரணம் சொல்கிறேன். அஞ்சலினாவை உங்களுக்குத் தெரியும். கரைவலைக்காரர் பற்றிக்கின் மகள், வயது பதினான்கு. மூன்று வகுப்பு ஏறியும் அவளுக்குப் பின்னம் தெரியாது. மந்தமா? இல்லை! பாடசாலையில் பின்னம் படிப்பித்த மாதங்களில், ஒவ்வொரு வருடமும், அவள் வாடியில் இருந்தாள். திரும்பி வந்தபோது வகுப்பு சதவீதத்தில் நின்றது. மறுவருடம் விகிதத்தில் நின்றது. அதற்கடுத்த வருடம் சமன்பாட்டில் நின்றது. அத்திவாரம் போட்ட நாளில் வராதவளை மூன்றாம் மாடியில் ஏற்றிவிட்டு, "ஏன் விழுந்தாய்?" என்று கேட்பது நீதியா?

"மீன் பங்கு பிரிக்கிற பிள்ளைக்குப் பின்னம் தானாக வரும்" என்று எனக்குச் சொன்ன அறிஞர்களும் உண்டு. வரவில்லை, ஐயா! யாருக்கு எத்தனை பங்கு என்று தெரியும். அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்தால் எப்படி ஆறில் ஐந்தாகும் என்று தெரியாது. அதைப் படிக்கத்தான் வேண்டும். பின்னத்துக்கான ஒன்பதாம் அலகோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள். சோதனையில் தோற்றாள், தோற்றாள், மீண்டும் தோற்றாள். உறையின் மூலை கிழிந்தது, அவள் விடவில்லை. போன கிழமை நான் அவர்களுடைய வாடிக்குப் போனபோது ஒரு பிழையும் இல்லாத தாளை என்னிடம் நீட்டினாள்.

பற்றிக், எங்கே எழும்புகிறீர்கள்? இருங்கோ தம்பி, உங்களைப் பற்றித்தான் கதைக்கப் போறன்.

அன்றைக்கு பற்றிக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. மற்றப் பிள்ளையள் பதினெட்டாம், இவள் ஒன்பதாம். ஊர் சிரிக்குது."

"ஒன்பது முடிஞ்சுது அப்பா," என்றாள் மகள்.

"ஓம், பெரிய தூரம் ஓடிப்போட்டாய்! சனிக்கிழமை கப் ஒண்டு கிடைச்சால் படிக்கட்டும். இல்லாட்டி இதோட காணும், தாயோட கருவாட்டுக்கு நிக்கட்டும்."

தாய் றீற்றா ஏதோ சொல்ல வாயெடுத்தா. பற்றிக் விடவில்லை.

"ரீச்சர், நீங்கள் கம்பஸில படிச்ச ஆள். பெரிய மண்டபத்தில இருந்து, பெரிய பெரிய ஆக்கள் படிப்பிக்கக் கேட்டனீங்கள். எங்கட பிள்ளையளுக்கு மட்டும் ஏன் கட்டுக் கட்டாக் கடதாசி? ஏழையளுக்கு இது காணும் எண்டோ?"

அவையோரே, அது மூடக் கேள்வியல்ல. இந்த வகுப்பைப் பற்றி எவரும் கேட்ட கேள்விகளில் அதுவே கூர்மையானது. அதற்குப் பதில் இன்று சொல்கிறேன்.

ஆசிரியர் வேண்டாமென்று கடதாசி கொடுக்கவில்லை. ஆசிரியர் வந்துசேரும்வரை பாடம் நின்றுவிடக்கூடாதென்று கொடுத்தோம். பலர் கூடிக் கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது, வலை நீரில் கிடக்கையிலேயே "முதற்பரிசு எனக்கு" என்று எவராவது கூவுவதுண்டா? முந்தியவரைப் பார்த்தா வலை வருகிறது? விடாதவரைப் பார்த்தல்லவா வருகிறது! விரைந்து முடித்த பிள்ளை விரைந்து முடித்தது, வாழ்த்துகிறேன். விளங்கி முடித்த பிள்ளையை எவர் வாழ்த்துவது? பள்ளிக்கூடம் காத்திராத பிள்ளைக்காகப் பாடமாவது காத்திருக்கக்கூடாதா? காத்திருக்கும்! இந்த வகுப்பு காத்திருக்கும். கரை மாறினாலும் காத்திருக்கும், கூரை பறந்தாலும் காத்திருக்கும், நான் போன பின்பும் காத்திருக்கும்!

அறிவிப்பாளர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், முடிக்கிறேன். தலைவருக்கும், இடம் தந்தவர்களுக்கும், ரிஸ்னாவின் கால்களுக்கும், பொறுமையாகவும் பொறுமையில்லாமலும் கேட்டிருந்த உங்களுக்கும் நன்றி.

அஞ்சலினாவின் பத்தாம் அலகு இதோ மேசையில், கிண்ணங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தகப்பன் வந்து வாங்கட்டும். தயங்குகிறீர்களா, பற்றிக்? அப்படியானால் ஒரு விடயம் கேளுங்கள். ஐம்பது வருடமாக இந்தத் துறைமுகப் பட்டினம் என்னைக் "கம்பஸ் ரீச்சர்" என்கிறது. பட்டம் உண்மை. ஆனால் நீங்கள் கம்பஸ் என்கிற அந்தப் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபத்தில் ஒரு நாளாவது நான் இருந்து படித்தது கிடையாது. நான் வெளிவாரி மாணவி. பாடம் தபாலில் வந்தது, கட்டுக் கட்டாகக் கடதாசியில். மூதூர்ப் படகில் படித்தேன். படிப்பிக்கப் போன ஊர்களின் வாடகை அறைகளில் படித்தேன். ஒரே தாளில் நான்கு தரம் தோற்றேன். மற்றவர்கள் மூன்று வருடத்தில் முடித்ததை முடிக்க எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது. "வெளிவாரி" என்ற சொல்லை உதட்டோரத்தால் உச்சரிப்பவர்கள் நிறைந்த ஆசிரியர் அறைகளில் என் காலம் கழிந்ததால், இதை நான் எவருக்கும் சொன்னதில்லை.

எட்டாம் வகுப்பில் உங்களுக்குக் கணிதம் படிப்பித்தது அந்தக் கடதாசிக் கட்டுத்தான், பற்றிக். வாருங்கள், வந்து வாங்குங்கள். அனைவருக்கும் வணக்கம்.