ஒரு சுத்தமான பதிவுக்காக

மனித குலத்துக்கு ஒரு முக்கியமான அறிவிப்பு: கிட்டார் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டி இனித் தேவையில்லை. அதை மாடிப்படியில் ஏற்றி இறக்கி முதுகை ஒடித்துக்கொண்டவர்கள் எல்லோரும் நிம்மதியாக உட்காரலாம். அந்தப் பெட்டியின் உறுமலையும் அதன் ஸ்பீக்கர் போடும் கத்தலையும் ஒரு மென்பொருளுக்குள் போட்டுப் பூட்டிவிட முடியும். பூட்டுவதுதான் என் தொழில். நீங்கள் கேட்டது வேறு விஷயம் என்று தெரியும் அய்யா. இதைச் சொல்லாமல் அது புரியாது.

என் மனைவியின் அண்ணன் கிட்டார் வாசிப்பவர். வாசிப்பதைவிட வாசிப்பைப் பற்றிப் பேசுவதில் கெட்டிக்காரர். அவரிடம் வால்வு போட்ட பழைய ஆம்ப் ஒன்று இருந்தது. சூடேறினால் தூசி கருகும் வாசம் அடிக்கும். வாலிப வயதில் அதன் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறிவிட்டிருந்தார். அந்தக் கீறல்தான் விசேஷம். ஒரு தந்தியைத் தட்டினால் போதும், உயிருள்ள எதையோ தோலோடு இரண்டாகக் கிழிப்பதுபோல் கேட்கும். உலகத்தில் அதைவிட அழகான சத்தத்தை நான் கேட்டதில்லை.

நாலு பேர் கூடினால் என்னை வாருவது மச்சானுக்குப் பொழுதுபோக்கு.

“ஏன் மாப்ள, சோத்தைப் படம் பிடிச்சு வச்சுக்கிட்டா பசி ஆறுமா?”

“ஆறாது மச்சான்.”

“அப்புறம் என்னத்துக்குச் சத்தத்தைப் படம் பிடிச்சுக்கிட்டுத் திரியிறே? என் ஆம்புக்கு உசுரு இருக்குய்யா. உன் டப்பாவுல என்ன இருக்கு?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்காக அவரைக் கொல்லவில்லை, அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கிண்டலுக்காகக் கொல்வதென்றால் என் மாமனார் வீட்டில் விளக்கேற்றக்கூட ஆள் மிஞ்சாது.

அவர் வேறு ஊருக்குக் குடிபோவதாக இருந்தார். மறுநாள் காலை லாரி வரும், ஆம்பும் போய்விடும். வருஷக்கணக்காகக் கெஞ்சியதற்கு அன்றுதான் மசிந்தார். பிற்பகல் முழுக்க ஆம்ப் என்னிடம். ஒரே ஒரு நிபந்தனை: பக்கத்தில் அவரும் உட்கார்ந்திருப்பார்.

“இதை உன்கிட்ட தனியா விட்டுட்டுப் போக நான் என்ன கூமுட்டையா?” என்றார்.

வேலை இவ்வளவுதான். அடித்தொண்டை முனகலில் தொடங்கி விசில் வரை ஏறுகிற ஒரு சத்தத்தை ஆம்புக்குள் அனுப்ப வேண்டும். ஸ்பீக்கர் முன்னால் வைத்த மைக்கில் அது எப்படி வெளியே வருகிறது என்று பதிய வேண்டும். போனதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தப் பெட்டியின் குணம். அதைக் கணினி கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும். மைக் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் குணம் மாறும். நடுவில் வேறு சத்தம் வந்தால் பதிவு குப்பை.

என் வீட்டுப் பின்னறையின் சுவரெங்கும் மெத்தை சாய்த்து, மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல் இடுக்கில் துணி செருகியிருந்தேன். பதிந்தேன். போட்டுக் கேட்டேன். சத்தத்துக்கு அடியில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள், மூக்கில் லேசான சீழ்க்கையோடு.

“மச்சான், கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க.”

“சரிப்பா.”

திரும்பவும் மூச்சு.

“மச்சான், வெளிய போய் உக்காருங்களேன்.”

“அதெல்லாம் முடியாது. மூச்சைப் பிடிச்சுக்கிறேன், நீ போடு.”

கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பதிவில் மூச்சு அப்படியே இருந்தது. அவர் ஏமாற்றுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. “உசுருள்ளவன் மூச்சு விடத்தான் செய்வான் மாப்ள. உன் கம்ப்யூட்டரை மாதிரியா?” என்று கண்ணடித்தார்.

உபரியாக ஒரு மைக் ஸ்டாண்ட் இருந்தது. அடியில் வட்டமான வார்ப்பிரும்புத் தட்டு. அதால் அடித்தேன். முதல் அடி காதுக்கு மேலே பட்டது. அவர் ஆச்சரியப்பட்டதாகத்தான் தோன்றியது. இரண்டாவதில் மண்டை உள்வாங்கியது. ஆனால் மூச்சு நிற்கவில்லை. முன்பைவிட மோசமாகக் கொரகொரவென்று வந்தது, அதை வைத்துக்கொண்டு எந்த வேலையும் செய்ய முடியாது. நாற்காலித் திண்டை எடுத்து முகத்தில் வைத்து முழங்காலால் அழுத்தினேன். அவர் கை என் சட்டைப் பொத்தான் இரண்டைப் பிய்த்தது. தரையில் உருண்ட பொத்தான்களைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பதிவின்போது அதிர்ந்தால் கணகணக்கும்.

அவரை அப்புறப்படுத்தவில்லை. இதைக் குரூரம் என்கிறீர்கள். ஒரு ஆள் இருக்கிற அறைக்கும் இல்லாத அறைக்கும் எதிரொலி வேறு. விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். தலையிலிருந்து சொட்டியது மட்டும் கேட்டது, ஒரு துண்டை மடித்து அடியில் வைத்தேன்.

மறுபடி பதிந்தேன். பாதியில் மனைவி கதவைத் தட்டினாள்.

“ஏங்க, அண்ணன் டீ குடிக்க வரலையா?”

“பதிவு ஓடுது. தட்டாதே.”

“அண்ணே, உனக்குச் சர்க்கரை போடவா வேணாமா?”

“வேணாமாம்,” என்றேன்.

அந்தப் பதிவு வீண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் ஒரு தடவைதான் தட்டினாள்.

பிறகு கடைசிப் பதிவு. மடிக்கணினியை மடியில் வைத்துக் குனிந்தபடி, முனகல் விசிலாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்ப் அன்று கிழித்த கிழியில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைப் போட்டுக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? மூச்சு விட ஆள் இல்லையே. சேமித்துவிட்டுக் கதவைத் திறந்தேன். அவள் டீயோடு நின்றாள். அவள் அலறியதும் பதிவுக்குப் பிறகுதான், அதனால் பாதகமில்லை.

நான் செய்தது கொலை. மறுக்கவில்லை. பதிலுக்கு அந்தச் சத்தம் நிலைத்துவிட்டது என்ற நிம்மதியில்தான் இத்தனை நாள் இங்கே தூங்கினேன்.

நேற்று உங்கள் ஆய்வுக்கூடத்துப் பெண்மணி அந்தக் கோப்பைப் போட்டுக் காட்டினார். ஸ்பீக்கர் முன்னால் வைத்த மைக்கை நான் மென்பொருளில் தேர்ந்தெடுக்கவே இல்லையாம். அன்று பதிந்ததெல்லாம் மடிக்கணினியின் சொந்த மைக்கில், என் முகத்துக்கு ஒரு சாண் கீழே பதிந்திருக்கிறது. கடைசிப் பதிவிலும் அதே சீழ்க்கையோடு மூச்சு இருக்கிறது. அது என்னுடையது.